மேட்டுத் தெரு, மாடி வீடு

1

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடங்களாக நான் அடுத்தவர் வீட்டை என் வீடு என்று சொல்லிவந்தேன். பட்டா மாற்றவில்லை, வழக்குப் போடவில்லை, ஆள் வைத்து மிரட்டவில்லை. வாயாலேயே எடுத்துக்கொண்டேன். செஞ்சியில் மேட்டுத் தெருவில் மூன்றாவதாக நிற்கும் மாடி வீடு அது. பச்சைக் கதவு, முன்னால் ஒரு பவழமல்லி. ஜெர்மனியில் எனக்குத் தெரிந்த நாற்பது தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்தப் பவழமல்லியைத் தெரியும். அதன் அடியில் உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தேன் என்று ஒரு பொங்கல் விழாவில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

அந்த வீட்டுக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. கொல்லைவரைக்கும் போயிருக்கிறேன். அங்கே மாட்டுக் கொட்டகை இருந்தது. என் அம்மா கன்னியம்மா இருபது வருடம் அந்தக் கொட்டகையில் சாணி வாரினார். கொல்லைக்குத் தனியாக ஒரு சந்து உண்டு. எங்களுக்கு அந்தச் சந்துதான் வாசல். எங்கள் சொந்த வீடு ஊர் முடிந்து, ஏரிக் கால்வாய் தாண்டி, காலனியில் இருக்கிறது.

இந்த ஒரு பத்தியை எழுத எனக்கு ஐம்பத்தோரு வயதாக வேண்டியிருந்தது.

2

பொய் எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். அங்கே ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்த விசாரணை முறையை விளக்கவேண்டியதில்லை.

இந்தியக் கடை ஒன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னொரு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார். ரவி. திருவண்ணாமலைக்காரர், என்னைப்போலவே கம்ப்யூட்டர் வேலை, என்னைவிட நல்ல சட்டை. தமிழ்ச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"எந்த ஊரு நீங்க?"

"செஞ்சி."

"அட, நம்ம பக்கம்! செஞ்சியிலேயேவா, பக்கத்துல கிராமமா?"

"செஞ்சிதான்."

"செஞ்சியில எந்தப் பக்கம்?"

இதுதான் கேள்வி. முதல் இரண்டும் அதற்குப் போட்ட படிக்கட்டு. இந்த மூன்றாவது கேள்வியில் தெருப்பெயர் கேட்கிறார்கள் என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்துவந்து, பனியில் வழுக்கிவிழுந்து, ஐந்து வருடம் அந்நிய பாஷையில் பல்லைக் கடித்துப் பேசிய பிறகு, முருங்கைக்காய்க்கு நடுவில் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வாயிலிருந்து வந்தது "மேட்டுத் தெரு."

"ஓ, மேட்டுத் தெருவா! நம்ம சித்தப்பா ஒருத்தர் அங்கதான் பொண்ணு எடுத்தாரு. அப்பா என்ன பண்றாரு?"

"கோட்டையில இருந்தாரு."

பொய் இல்லை. நைனா செஞ்சிக் கோட்டையில் வாட்ச்மேனாக இருந்தார். மலைமேல் ஏறுபவர்களிடம் "அஞ்சு மணிக்குள்ள எறங்கிடுங்க சார்" என்று சொல்வது அவர் உத்தியோகம். ரவி என்ன புரிந்துகொண்டாரோ, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றாம் வாரத்திலிருந்து என்னை "மச்சான்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அந்த மச்சானுக்காகத்தான் எல்லாம். அன்று கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் விஜயாவிடம் சொன்னேன். விஜயா என் மனைவி, திண்டிவனம் பக்கம், அவள் வீடும் எங்களதைப்போல ஒரு காலனியில்தான்.

"ஏங்க, நாளைக்கு யாராவது நேர்ல போயி பார்த்தா இன்னா பண்ணுவீங்க?"

"யாரு போவாங்க?"

"ஊருக்குப் போற வழியில கார நிறுத்த எவ்ளோ நேரம் ஆவும்?"

ஆண்பிள்ளைகள் பேசும்போது குறுக்கே வராதே என்கிற தோரணையில் நான் முருங்கைக்காயை நறுக்கினேன்.

ரவி கெட்டவர் இல்லை என்பதையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் மலிவாகிவிடும். யாழினி பிறந்தபோது விஜயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர் கார். நைனா இறந்த செய்தி வந்த அன்று விமான டிக்கெட் தேடி, என் பெட்டியைக் கட்டி, பாஸ்போர்ட்டை என் சட்டைப்பையில் வைத்து அனுப்பியவர் அவர். "மச்சான், நானும் வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று பதறினேன். துக்கத்தில் பதறுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் எனக்குள் ஒரு மூலையில், நல்லவேளை அவர் வரவில்லை என்று ஓடியது. நைனா கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பார். நியாயம்.

3

எங்கள் நகரத்துத் தமிழர்கள் வருடாவருடம் பிள்ளையார் சதுர்த்திக்குப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுப்போம். பிள்ளையார் கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே உட்காருவார். கற்பூரம் ஏற்றக்கூடாது, புகை மணி அடித்துவிடும். ஒருமுறை அடித்து, தீயணைப்பு வண்டியே தரிசனத்துக்கு வந்தது. அதிலிருந்து பேட்டரி விளக்கு.

அங்கே பாடுவது நான். தேவாரம், திருவாசகம் எதுவானாலும் புத்தகம் பார்க்காமல் வரும். "இவ்வளவு சுத்தமா பாடுறீங்களே, யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று ரவியின் மனைவி உமா ஒருமுறை கேட்டார். "கோயில்ல" என்றேன்.

இதுவும் முழுப்பொய் இல்லை. ஊர்க்கோயில் மதிலுக்குள் எங்களை விடமாட்டார்கள். ஆனால் கோயில் வேப்பமரத்தில் ஒரு புனல் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதன் வாய் எங்கள் காலனியைப் பார்த்து இருந்தது. ஊர்ப்பக்கம் திருப்பிவைத்தால் பெரிய வீடுகளில் தூக்கம் கெடுமாம். மார்கழி முழுக்க விடிகாலையில் அத்தனை பதிகங்களும் எங்கள் கூரைமேல் கொட்டும். எங்களை உள்ளே விடாதவர்கள் இறைவனைச் சத்தமாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் போர்வைக்குள் படுத்தபடி பக்திமான் ஆனேன்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைப் பற்றி நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவேன். பனமலை ஏரிக்கரையில் பல்லவன் எந்தத் திசை பார்த்து நின்றிருப்பான் என்று தகராறு செய்வேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ராஜாவின் முகவரி எனக்குத் துல்லியமாகத் தெரியும். என் முகவரியைத்தான் மாற்றிச் சொன்னேன்.

4

ஜெர்மன்காரர்களிடம் முகவரியில் விளையாட முடியாது. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதியவேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும், அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர் ஒட்டவேண்டும். பெயர் ஒட்டாத ஆளுக்குக் கடிதம் வராது. கடிதம் வராத ஆள் உயிரோடு இல்லை. நானும் ஒழுங்காகப் பதிந்தேன், ஒட்டினேன். சர்க்காருக்கு என் கதவு எண் தெரியும். நண்பர்களுக்குத் தெரியாது. தலைகீழாக இருந்திருக்கவேண்டும்.

குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது என் சான்றிதழ் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் கேட்டார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழை ஓர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவைத்துப் படித்தார். சாதி என்று எழுதியிருந்த வரியில் விரல் நின்றது. தமிழ்ச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் அப்படியே ஜெர்மன் எழுத்தில் போட்டிருந்தார்.

"இது என்ன? உங்கள் தொழிலா?"

எனக்கு ஜெர்மன் வரும், ஆனால் அவசரத்துக்கு வராது. கொஞ்சம் யோசித்து, "இல்லை, ஒரு பழைய முகவரி" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். வாழ்க்கையில் அந்த வரியை அத்தனை அலட்சியமாகத் தாண்டிப்போன ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். எழுந்து கும்பிடத் தோன்றியது. இவர்களும் ஒன்றும் புத்தர்கள் இல்லை. என் பெயரைக் கேட்டதும் காலியாக இருந்த வீடுகள் தொலைபேசியிலேயே நிரம்பிப்போன கதை பத்தாவது வைத்திருக்கிறேன். அதையெல்லாம் ரவியிடம் சொல்லிப் பொருமுவேன். "மச்சான், மனுசனை மனுசனா பாக்கத் தெரியாத பசங்க" என்பார் ரவி. நானும் ஆமாம் என்பேன். இரண்டு பேரும் பீர் குடிப்போம்.

மரியாதைப் பன்மையைக் கைவிட, இங்கே வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு வரவில்லை. மேலதிகாரி "என்னை நீ என்றே கூப்பிடு" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். முடியவில்லை. அவர் நாயைக்கூட "நீங்கள்" என்று அழைத்து, அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். மேட்டுத் தெருவில் பத்து வயதுப் பையனை என் அம்மா "வாங்க சாமி" என்று கூப்பிட்டதையும், அவன் என் அம்மாவை "ஏ கன்னி" என்று கூப்பிட்டதையும் கேட்டு வளர்ந்த நாக்கு இது. நாயிடம் தடுமாறியதில் ஆச்சரியமில்லை.

5

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ரவி ஊருக்குப் போவார். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குச் செஞ்சி வழியாகத்தான் போகவேண்டும். "மச்சான், அம்மாவ ஒரு எட்டு பார்த்துட்டுப் போறேனே" என்பார். "அம்மா அவலூர்பேட்டையில அக்கா வீட்ல இருக்குது" என்பேன். பதினான்கு ஆகஸ்டுகள் என் அம்மா அவலூர்பேட்டையில் இருந்திருக்கிறார். அக்கா இருப்பது பெங்களூரில்.

போன ஆகஸ்டில் அவர் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை அம்மா வீடியோவில் வந்தார். போனைக் காதில் வைத்துப் பேசுவதால் எனக்கு எப்போதும் அவர் காதும் கம்மலும்தான் தெரியும். காது சந்தோஷமாக இருந்தது.

"பாலு, உன் சிநேகிதக்காரரு வந்திருந்தாருடா! கார்ல!"

"எந்த சிநேகிதக்காரரும்மா?"

"வெளிநாட்ல உன்கூட இருக்கறவராம். ரவியாம். நல்ல செவப்பு. மொதல்ல மாடி வூட்டுக்குப் போயிட்டாராம். அங்க சின்னவருதான் இருந்தாராம். 'பாலுவா? நம்ம கொட்டாய் கன்னி புள்ளையாச்சே'ன்னு சொல்லி, அவங்க ஆளை வழி காட்ட அனுப்பி வச்சாரு. எதுக்குடா அங்க போனாரு?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் ஓடிப்போயி, எறங்கி வாங்க சாமின்னேன். டைம் ஆவுதும்மான்னாரு. கார்லயே இருந்தாரு. டிரைவரு எறங்கி ஒரு சாக்லேட் டப்பா குடுத்தான். நம்ம வூட்டுத் தண்ணி குடுத்தா ஒரு மாதிரியா இருக்கும்னு, கடைக்கு ஆள் வுட்டு கலர் வாங்கியாரச் சொன்னேன். சீல் ஒடைக்காத பாட்டில்டா. கார் கண்ணாடி வழியா நீட்டுனேன். 'பரவால்லம்மா, சக்கர இருக்குது'ன்னுட்டாரு. பாவம், இந்த வயசுலயே சக்கர."

ரவிக்குச் சர்க்கரை கிடையாது. என் வீட்டுக் குலாப்ஜாமூனை ஒரே உட்காரலில் ஏழு தின்றவர்.

காலனிக்கு ஊர்க்காரர்கள் யாராவது வந்தால் சீல் உடைக்காத பாட்டில் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் சொம்பிலிருந்து குடிக்கமாட்டார்கள் என்று தெரியும். அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று நாங்களே கடைக்கு ஓடுவோம். அவர்கள் நம்மைத் தொடாமலிருக்க நாமே செய்துதரும் ஏற்பாடு. எழுபத்தாறு வயதில் என் அம்மா அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டு கார் கண்ணாடிக்கு வெளியே வெயிலில் நின்றிருக்கிறார். அதையும் அந்த ஆள் வாங்கவில்லை. கம்பெனியில் இயந்திரம் மூடிய மூடி. அதற்குள்ளும் நாங்கள் புகுந்துவிடுவோம் என்று நினைத்தாரா?

"நல்ல மனுசன்டா" என்றது காது. "உன்னப் பத்தி இன்னாவோ கேக்க வந்து கேக்காமயே போயிட்டாரு."

6

ரவி திரும்பி வந்து பத்து நாள் கூப்பிடவில்லை. பதினோராம் நாள் நானே கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சார்" என்றார்.

அங்கே இருப்பவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். சார் மரியாதைதானே? பதினான்கு வருடம் மச்சானாக இருந்தவனை ஒரே வாரத்தில் சார் ஆக்குவது மரியாதை இல்லை. இடையில் ஒரு மேசையைக் கொண்டுவந்து போடுவது. மச்சான் என்றால், உன் வீட்டில் என் வீட்டுப் பெண், என் வீட்டில் உன் வீட்டுப் பெண் என்று ஓர் உறவைச் சும்மா வாய்ப்பேச்சுக்காவது ஒத்துக்கொள்வது. அவர் அந்த வாய்ப்பேச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"ஊர்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றேன்.

"ம். நல்லாருக்காங்க சார். மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்."

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்.

அடுத்த வாரம் பிள்ளையார் சதுர்த்திப் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. யார் வீட்டிலிருந்து என்ன என்று உமா போடுவார். வருடாவருடம் விஜயா பேருக்கு நேராகக் கொழுக்கட்டை இருக்கும், என் பேருக்கு நேராகப் பாட்டு. இந்த முறை இப்படி இருந்தது: விஜயா – பேப்பர் தட்டு, டிஷ்யூ, தண்ணீர் பாட்டில். பாட்டு – புளூடூத் ஸ்பீக்கர். கீழே ரவியின் குறிப்பு: "பாலு சாருக்கு இந்த வருஷம் வேலை ஜாஸ்தி, தொந்தரவு பண்ண வேண்டாம்." முப்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

விஜயா இரண்டு முறை படித்தாள்.

"தண்ணி பாட்டில்" என்றாள். "சீல் ஒடைக்காம எடுத்துட்டுப் போணும் போல."

நான் கத்தினேன். ரவியைத் திட்டினேன், உமாவைத் திட்டினேன், முப்பது கும்பிடுகளையும் தனித்தனியாகத் திட்டினேன். ஒலிபெருக்கியில் படித்து வந்தவனை ஒலிபெருக்கியை வைத்தே துரத்துகிறார்கள் என்று கத்தினேன். யாழினி தன் அறையிலிருந்து வந்தாள். பதின்மூன்று வயது. தமிழ் பேசினால் ஜெர்மன் வாசனை வரும், ஜெர்மன் பேசினால் எங்களுக்குப் புரியாது.

"என்ன ஆச்சுப்பா?"

முதல் முறையாக அவளிடம் சொன்னேன். காலனி, ஊர், சந்து, கொட்டகை, பாட்டில், எல்லாம். அவளுக்குக் கோபம் வரும், என் பக்கம் நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் வந்தது.

"நாம ஊருக்குப் போனா ஏன் பாண்டிச்சேரி ஹோட்டல்ல இருக்கோம்? ஏன் ஆயா அங்க வந்து நம்மள பார்க்கறாங்க?"

"அங்க ஏசி இருக்குதும்மா. உனக்கு வெயில்..."

"எனக்கு வெயில் பிடிக்கும்."

அவள் விடவில்லை.

"ரவி அங்கிள் ஆயா வீட்டைப் பார்த்திருக்காரு. நான் பார்த்ததில்ல."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கார் கண்ணாடியை இறக்கவாவது செய்தார். நான் என் மகளுக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் மூன்று நட்சத்திர ஹோட்டலையே கட்டியிருக்கிறேன். அதுவரை ரவிமேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் அதைப் பகிர்ந்துகொள்ள இன்னொரு ஆள் கிடைத்துவிட்டான். அந்த ஆளுக்குத்தான் கண்ணாடியில் தினமும் சவரம் செய்கிறேன்.

"நாம போவ வேணாம்" என்றேன் விஜயாவிடம்.

"ஏன் போவக்கூடாது? தண்ணி பாட்டிலு நாமதான குடுக்கணும்? போவலன்னா விக்கிக்கும் அவங்களுக்கு."

7

போனோம். நாற்பத்தெட்டு தண்ணீர் பாட்டில்களையும் தட்டுகளையும் நான் சுமந்தேன். விஜயா ஒரு பெரிய எவர்சில்வர் அடுக்கைச் சுமந்தாள். உள்ளே கொழுக்கட்டை. பட்டியலில் இல்லாத கொழுக்கட்டையை மேசை நடுவில் வைத்து, மூடியைத் திறந்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

உமா வந்து, "ஐயோ, எதுக்கு சிரமம்?" என்றார்.

"சிரமம் இல்ல உமா. பழக்கம்."

தண்ணீர் பாட்டில்கள் மளமளவென்று போயின. கொழுக்கட்டையைச் சின்னப் பிள்ளைகள் எடுக்க வந்தார்கள், பட்டியல் விவகாரம் அவர்களுக்குத் தெரியாது. "கண்ணா, அப்புறம், சுண்டல் சாப்பிடு" என்று ஒரு குரல் கூப்பிட்டது. கோயம்புத்தூர் அக்கா ஒருவர் மட்டும் இரண்டு எடுத்து, விஜயா பக்கத்தில் உட்கார்ந்து தின்றார். பிறகு பள்ளிக்கூடத்தின் ஜெர்மன் வாட்ச்மேன் கூடத்தைச் சரிபார்க்க வந்தவர், நின்றபடியே நான்கு தின்று, உள்ளே என்ன என்று விசாரித்து, ஐந்தாவதைக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டார். வாட்ச்மேன்கள் எங்கும் நல்லவர்கள்.

பூஜை தொடங்கியது. ஸ்பீக்கர் பாடியது. நன்றாகவே பாடியது. இரண்டாவது பதிகத்தின் நடுவில் "பீப்" என்றது, பிறகு ஒன்றும் இல்லை. பேட்டரி போய்விட்டது. யாரோ குலுக்கிப் பார்த்தார்கள். ஆரத்தி எடுத்த கை அந்தரத்தில் நின்றது. அத்தனை பேரும் பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"சார், நீங்களே..." என்றார் ரவி.

நான் எழுந்தேன். ஒரு வாரமாகத் தயாரித்த பேச்சு இருந்தது. மூன்று பக்கம், நடுவில் இரண்டு இடத்தில் கைதட்டலுக்கு நிறுத்தம்கூட விட்டிருந்தேன். ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

"மேட்டுத் தெரு மாடி வீடு என் வீடு இல்ல" என்றேன். "அது எங்கம்மா சாணி வாரின வீடு. எங்க வீடு காலனியில. இந்தப் பாட்டையெல்லாம் கோயிலுக்கு வெளியில ஸ்பீக்கர்ல கேட்டுக் கத்துக்கிட்டேன். உள்ள விடல. இத்தன வருஷமா உங்ககிட்ட பொய் சொன்னேன். அது என் தப்பு. மத்தது என் தப்பு இல்ல."

எல்லோரும் தங்கள் பேப்பர் தட்டைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுத் தட்டு.

ஒரு பெரியவர் தொண்டையைச் செருமி, "அதெல்லாம் யாரு இப்ப பாக்கறா? பாடுங்க தம்பி, ஆரத்தி நிக்குது" என்றார்.

"பாடமாட்டேன்" என்றேன். "ஸ்பீக்கர சார்ஜ்ல போடுங்க."

அந்த வருடம் பிள்ளையார் பாட்டில்லாமல் முடித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்குக் குறைந்தது. கூடத்தை விட்டு வெளியே வந்து காரில் சாவியைப் போடும்போது தொண்டைக்குள் அந்தப் பதிகத்தின் மீதிப் பாதி தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத் தெரியவில்லை.

ரவி பின்னாலேயே வந்தார்.

"நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல சார். அன்னைக்கு எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா?"

"இல்ல... சொல்லியிருக்கலாம்னு."

"கடையில முருங்கைக்காய் பொறுக்கும்போதே சொல்லியிருந்தா, மூணாவது வாரம் மச்சான்னு கூப்பிட்டிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். அந்த ஒரு விஷயத்துக்காக இன்றும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. அவசரமாக ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. நின்று, நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். பதில் அவருக்கே தெரிந்ததும் முகம் தொங்கிப்போனது.

"எங்கம்மா நீட்டின பாட்டில வாங்கியிருக்கலாம் ரவி. குடிக்கக்கூட வேணாம். வாங்கி மடியில வச்சிருந்திருக்கலாம்."

"தெரியல சார். கை வரல."

யாழினி பின்சீட்டிலிருந்து கதவைத் திறந்து, "அப்பா, போலாம்" என்றாள். அவளை மூன்று நாள் குழந்தையாகக் கையில் வாங்கியவர் அவர். அவள் அவரைப் பார்த்து "பை அங்கிள்" என்றாள், பக்கத்து வீட்டு ஆளுக்குச் சொல்வதுபோல. நாங்கள் கிளம்பினோம். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. பதினான்கு வருடம் எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டில் கிடக்கிறது.

8

மறுநாள் மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டேன். கம்மல் தெரிந்தது.

"சாப்டியாடா?"

"சாப்டேன். அம்மா, டிசம்பர்ல வரோம். ஹோட்டல் இல்ல. நம்ம வீட்லதான் இருப்போம். யாழினி ஒரு மாசம் இருக்கணும்ன்றா."

"நம்ம வூட்லயா? கொசு கடிக்கும்டா அதுக்கு."

"கடிக்கட்டும்மா."

"சரி, வா. கக்கூஸுக்கு டைல்ஸு போட்டாச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. மேட்டுத் தெரு வீட்டை நம் வீடு என்று இத்தனை வருடம் சொல்லித் திரிந்தேன், உன்னை அவலூர்பேட்டையில் ஒளித்துவைத்தேன், அதனால்தான் அந்த ஆள் அங்கே போய், இங்கே வந்து, காரைவிட்டு இறங்காமல் உன்னை அவமானப்படுத்திவிட்டுப் போனார், நேற்று எல்லோர் முன்னாலும் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டேன், ஒரு சிநேகிதம் போய்விட்டது, போகட்டும், இனிமேல் பொய் சொல்லமாட்டேன், என்னை மன்னித்துவிடு என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. அந்த இடம் நன்றாக வந்ததாகவே நினைத்தேன்.

கம்மல் ஆடியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"எந்த மாடி வூடு?" என்றார். "நான் கொட்டாய் வாருனேனே, அந்த வூடா?"

"ஆமாம்மா."

"சொல்றதுதான் சொன்ன, ஒரு நல்ல வூடா பார்த்து சொல்லக்கூடாதாடா? மழை வந்தா அது முழுக்க ஒழுவும். கொல்லையில நின்னாலே கேக்கும், உள்ள குண்டான்ல சொட்டறது."